ஆறு படகுகளுக்கு ஒரே துணி

1955 ஜூலை 17, ஞாயிறு. மாலை மணி 6.10.

படகுகள் ஆறு. நான் நான்காவது.

கன்னம்பாடி அணையிலிருந்து மைசூர் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். பூந்தோட்டம் பார்க்க வந்த கூட்டம் தோளில் இடிக்கிறது. எழுத்து கோணலாக வந்தால் காரணம் அதுதான், வேறொன்றும் இல்லை.

பர்னபாஸ் முதல். மறுபடியும்.

எங்கள் படகுக் கிளப்பில் எல்லாப் படகும் ஒரே அச்சு. பதினான்கு அடி நீளம், ஒரே தேக்கு, ஒரே பாய்மரம், ஒரே அளவு பாய். ஒருவன் சுக்கான் பிடிப்பான். இன்னொருவன் முன்னால் உட்கார்ந்து முன்பாயின் கயிற்றைப் பார்த்துக்கொள்வான். இரண்டு வருஷமாக மூன்றாம் எண் படகில் சுக்கான் நான், முன்பாய் பர்னபாஸ். பதினான்கு பந்தயத்தில் பதினொன்று எங்களுக்கு. ‘கொர்னேலியஸ் படகு’ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போன மாதம் ஆறாம் எண் படகைப் புதிதாகக் கட்டி அவனிடம் கொடுத்தார்கள். அதன் பிறகு இன்றோடு நான்கு ஞாயிறு. அவன்: 1, 1, 2, 1. நான்: 3, 4, 3, 4.

அவன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வண்டிப் பெட்டிகளுக்கு மெத்தை தைக்கிறவன். நான் மூன்று வருஷம் நெசவுத் தொழில்நுட்பம் படித்து மில்லின் சோதனை அறையில் இருக்கிறவன். காற்று, கோணம், விசை என்று தாளில் போட்டுக் காட்டச் சொன்னால் அவனால் ஒரு கோடு இழுக்க முடியாது.

இப்போது எனக்கு முன்னால் உட்காருவது சித்தையன், அணை ஆபீஸ் குமாஸ்தா. நல்ல மனிதன். சொன்னதைச் செய்வான், சொல்லாததைச் செய்யமாட்டான். தோல்விக்குக் காரணம் அவன்தான் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன்.

ஜூலை 18.

அடித்ததை மறுபடி எழுதுகிறேன். காரணம் சித்தையன்தான்.

ஜூலை 24, ஞாயிறு.

நான் மூன்றாவது. அவன் முதல்.

பந்தயம் முடிந்து கமிட்டி கூடியது. செயலாளர் நஞ்சுண்டசாமி பேசினார். ஓய்வுபெற்ற எஞ்சினீயர், ஊர் கொள்ளேகால். எத்தனை வருஷம் மைசூரில் இருந்தாலும் பேச்சில் ஊர் போகவில்லை.

“இருக்கிற முன்பாய் எல்லாம் சோளப் பை மாதிரி தொங்குதுங்க. மூணு வருசமாச்சு. புதுசு தைக்கோணும். ஆறுக்கும் ஒரே துணி. ஆளுக்கொரு துணின்னா அப்புறம் பந்தயம் எதுக்குங்க? துணிக்கடைக்காரங்களைக் கூப்பிட்டுப் படகுல உக்கார வெச்சிரலாம்.”

அவர் சொன்னது சரி. காற்றை முதலில் வாங்குவது முன்பாய். அது வடிவம் இழந்தால் படகு எதிர்க்காற்றில் ஏறாது, பக்கவாட்டில் சறுக்கும்.

துணிகளைச் சோதித்து அறிக்கை கொடுப்பது நான். வெட்டித் தைப்பது பர்னபாஸ். அக்டோபர் கடைசியில் புள்ளியில் முன்னால் நிற்பவன் ஜனவரியில் பம்பாய்ப் பந்தயத்துக்குப் போவான், தனக்கு வேண்டிய ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு. கடலில் பந்தயம்! நான் கடலைப் பார்த்ததே மெட்ராஸில் ஒரே ஒரு சாயங்காலம், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

பம்பாய்க்கு நான் போக வேண்டும். பிற்பாடு வேறு மாதிரி சொல்லிக்கொள்ளாமல் இருக்க இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அறிக்கை என் பொறுப்பு என்றதும் பர்னபாஸ் தோளில் தட்டினான். “மெஷின் வெச்சிருக்கிறவன் நீதானடா கொர்னேலி. நீ எதைச் சொல்றியோ அதுல தைக்கிறேன்.”

அந்தக் கை எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 29, வெள்ளி.

மூன்று துணிகள் பார்த்தாயிற்று.

நைலான். பெங்களூரில் யுத்தச் சாமான் ஏலத்தில் எடுத்த பாரசூட் துணி. அறுக்கவே முடியவில்லை. ஆனால் ரப்பர் மாதிரி இழுபடுகிறது. பின்காற்றில் பலூனாக ஊதிக்கொண்டு போக உதவும். எதிர்க்காற்றில் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு வடிவம் எடுக்கும். தள்ளு.

டெரிலீன். கிளப் தலைவரின் மருமகன் இங்கிலாந்திலிருந்து அனுப்பிய கைக்குட்டை அளவுத் துண்டு. இழுத்தாலும் நீளவில்லை, நனைத்தாலும் மாறவில்லை. இப்படி ஒரு துணியை நான் தொட்டதில்லை. இறக்குமதி லைசென்ஸ் கேட்டால் சிரிப்பார்கள். மனமில்லாமல் தள்ளு.

பருத்தி. கோயமுத்தூர் மில் துணி, நீள இழை, நெருக்க நெசவு. கொண்டுவந்தவன் பர்னபாஸ். நன்றாக இருக்கிறது.

நன்றாகத்தான் இருக்கிறது, சனியன்.

அதைக் கொண்டுவந்த அன்று அவன் செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணியின் எதிரெதிர் மூலைகளைக் கட்டைவிரலில் பற்றி, குறுக்காக இரண்டு இழுப்பு இழுத்தான். கண்ணை மூடிக்கொண்டு. “இது நிக்கும்டா” என்றான். அவ்வளவுதான். நான் நாற்பது துண்டு அறுத்து, சராசரி போட்டு, இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்த இடத்தில் அவன் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறான்.

இந்தத் துணி வந்தால் அவன் பெயர்தான் நிற்கும். வேறு ஒன்று வேண்டும். நான் கண்டுபிடித்ததாக இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 6, சனி. கொள்ளேகால்.

பட்டு!

ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை? நாற்பது மைலில் தறி ஓடிக்கொண்டிருக்கிறது, நாங்கள் இங்கிலாந்தைப் பார்த்து ஏங்குகிறோம். காலை பஸ் பிடித்து அய்யாசாமி என்பவரின் தறிக்கூடத்துக்குப் போனேன். எனக்கு வேண்டியது கோராப் பட்டு, பசை எடுக்காதது. தாள் போல விறைப்பு. வாயை வைத்து ஊதினால் மறுபக்கம் காற்று வரவில்லை.

“சேலைக்குங்களா, வேட்டிக்குங்களா?” என்றார் அய்யாசாமி.

“படகுக்கு.”

கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். “ஏனுங் தம்பி, படகுக்கு எப்பக் கல்யாணம்?”

தறிக்குழியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அளவு சொன்னேன்.

“பசையோட குடுத்தா கட்டறவங்களுக்கு உடம்பெல்லாம் அரிக்குமுங்க.”

“படகுக்கு அரிக்காது.”

“அதுஞ் செரிதான்.” துணியை மடித்துக் கொடுக்கும்போது பழக்கத்தில் சொன்னார்: “தண்ணி மட்டும் படாமப் பாத்துக்குங்க. பசை இளகிருச்சுன்னா துணி தொவண்டு போயிரும்.”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. மறுபடி சிரித்தார்கள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10, புதன்.

சோதனை நோட்டு, பக்கம் 41.

காய்ந்த நிலையில் அறுபடும் பாரம்: பட்டு 142 பவுண்டு, பருத்தி 118. காற்று புகுவது பட்டில் பாதிகூட இல்லை. எடையிலும் பட்டு லேசு. அந்த எண்களைப் பார்த்தபோது அறைக்கதவைச் சாத்திவிட்டு ஒரு சுற்று ஆடினேன். உண்மை.

ஒரு மணி நேரம் ஊறிய பிறகு: பட்டு 117. பருத்தி 137.

பருத்தி நனைந்தால் பலம் கூடும், பட்டுக்குக் குறையும். முதல் வருஷப் பாடம். பலத்தைவிட மோசம் நீளுவது. காய்ந்த பட்டை இழுத்துவிட்டால் திரும்பி வருகிறது. நனைந்த பட்டு போன இடத்திலேயே நின்றுவிடுகிறது. அய்யாசாமி சொன்னதுதான். துவண்டு போகிறது.

மில்லின் அறிக்கைத் தாளில் ஒரு பத்திதான் அச்சடித்திருக்கிறார்கள், காய்ந்த நிலைக்கு. அதில் எதை எழுத வேண்டுமோ அதை எழுதினேன். ஒரு எண்கூடத் தப்பில்லை. கேட்காத கேள்விக்கு எவனும் பதில் எழுதுவதில்லை.

படகு ஓடுவது தண்ணீரில்தானே என்று எவனாவது கேட்டால்?

கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 14, ஞாயிறு.

கேட்டான்.

கமிட்டியில் அறிக்கையைப் படித்து முடித்தேன். நஞ்சுண்டசாமிக்கு முகமெல்லாம் பல். “நம்ம ஊர்ப் பட்டு! பம்பாய்க்காரன் பாத்தான்னா வயிறு எரிஞ்சிருவான்!” எல்லாரும் கைதட்டினார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து பர்னபாஸ், எந்த விஷமும் இல்லாமல்:

“நனைச்சுப் பாத்தியாடா?”

“பார்த்தேன்.”

“எப்படி?”

“பெரிய வித்தியாசம் இல்லை.”

“அப்ப சரி” என்றான். உட்கார்ந்துவிட்டான். அவ்வளவுதான், முடிந்தது. பட்டுத்தான் என்று தீர்மானம் நிறைவேறியது. என்னைத் தலைவர் பெயர் சொல்லிப் பாராட்டினார்.

மூன்று வார்த்தை. என்னவோ மூன்று மூட்டை தூக்கின மாதிரி தோள் வலிக்கிறது.

ஆகஸ்ட் 15.

மில்லில் கொடியேற்றம். தூறலில் கதர்க்கொடி நனைந்து கம்பத்தில் ஒட்டிக்கொண்டது. எனக்கென்று எல்லாத் துணியும் சேர்ந்து சதி செய்கிறது.

செப்டம்பர் 4, ஞாயிறு.

கிளப் கொட்டகையில் பர்னபாஸ் ஆறு பாயையும் தைத்து முடித்துக்கொண்டிருக்கிறான். தரையில் சாக்குக்கட்டியால் கோடு. பாயின் பின்விளிம்பு இழுபடாமல் இருக்க, குறுக்கே ஓடும் ஊடை நூலோடு ஒட்டிப் போகும்படி வெட்டியிருக்கிறான். இதை அவனுக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை. புத்தகத்தில் இருக்கிறது, அவன் புத்தகம் படிக்கிறவன் இல்லை.

அக்கா ஜூடித், ஆஸ்பத்திரியில் நர்ஸ், சிநேகிதிகளோடு தோட்டம் பார்க்க வந்தவள், கொட்டகைக்கும் வந்தாள். பர்னபாஸ் எழுந்து நின்று, “வாங்கக்கா” என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அவள் அவன் தையலைக் கையில் எடுத்துப் பார்த்து, “எங்க டாக்டர் போடற தையலைவிட நல்லா இருக்கேப்பா” என்றாள். எனக்கு ஏன் சுள்ளென்றது? பத்து வருஷமாக நான் கொண்டுவந்த மார்க் ஷீட்டை அவள் இப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்ததில்லை.

அப்புறம் பந்தயத்தைக் கரையிலிருந்து பார்த்தாள். நான் நான்காவது. பஸ்ஸில் சொன்னாள்:

“டேய், அவன் பாயைப் பாக்குறான். நீ அவனைப் பாக்குற. அப்புறம் உன் படகை யாருடா பாக்குறது?”

“உனக்குப் படகைப் பற்றி என்ன தெரியும்?”

“படகைப் பத்தி ஒண்ணும் தெரியாது. உன்னைப் பத்தித் தெரியும்.”



செப்டம்பர் 11, ஞாயிறு.

புதுப் பாய்கள். ஆறையும் ஆறு கோணியில் கட்டி வைத்தார்கள். சுக்கான்காரர்கள் ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். தைத்தவன் கடைசியில் எடுப்பான், அது கிளப் வழக்கம். மிஞ்சியது அவனுக்கு.

மிதமான காற்று, வெயில். பட்டு பொன்னாகப் பளபளத்தது. தோட்டம் பார்க்க வந்த கூட்டம் முழுக்க அணைமேல் நின்று பார்த்தது. படகு ஏறியது பார், அப்படி ஒரு ஏற்றம்! நான் இரண்டாவது. பர்னபாஸ் முதல், ஆனால் இரண்டு படகு நீளம்தான்.

நஞ்சுண்டசாமி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இன்று ஒரு நாள் நன்றாக இருந்தது. ஒரு நாள்.

செப்டம்பர் 18, ஞாயிறு.

பலத்த மேற்குக் காற்று. அலை உடைந்து முன்பாயின் கீழ்ப்பாதி முதல் சுற்றிலேயே ஊறிவிட்டது. என் பாய் தொங்கியது. மூன்றாவது. எல்லாருக்கும்தான் தொங்கியது, அவனுக்கு மட்டும் இல்லை.

கரை ஏறியதும் பொறுக்கவில்லை. எல்லார் முன்னாலும் கேட்டேன். “உன் பாயை மட்டும் ஒழுங்கா வெட்டிக்கிட்டியா?”

அவன் கடைசியில் எடுத்தவன் என்பது எனக்கே தெரியும். தெரிந்துதான் கேட்டேன். வாய் நிற்கவில்லை.

பர்னபாஸ் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். காது மட்டும் சிவந்தது. “சரி வா, அடுத்த வாரம் மாத்திக்கலாம். பாய் மட்டும் எதுக்கு? படகையே மாத்திக்கலாம். என் ஆளு உனக்கு, சித்தையன் எனக்கு.”

“பந்தயம்னா இதுதானுங்க பந்தயம்!” என்று நஞ்சுண்டசாமி தொடையில் தட்டினார்.

செப்டம்பர் 25, ஞாயிறு.

எழுதிவிடுகிறேன்.

என் படகு, என் பாய், என் சித்தையன். பர்னபாஸ் முதல். அவன் படகில், அவன் பாயோடு, அவன் ஆளோடு நான் ஐந்தாவது.

படகைக் கழித்தாயிற்று, பாயைக் கழித்தாயிற்று, ஆளைக் கழித்தாயிற்று. மிச்சம் என்ன என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொல்லும்.

சித்தையன் கரையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கொள்ளேகால் பக்கத்து ஹனூர்க்காரன், ஒளித்துப் பேசத் தெரியாது. “சார், அவரு திருப்பத்துக்குத் திருப்பம் கேட்டுக்கிட்டே வந்தாருங்க. ‘அண்ணா, முன்விளிம்பு சுருங்குதா? கீழ தொளதொளங்குதா? பாத்துச் சொல்லுங்க’ன்னு. நா சொல்லச் சொல்ல, நனையறப்பல்லாம் பாய மேல ஏத்தற ஏத்துக் கயித்த ரெண்டு விரக்கடை இழுத்தாரு. காஞ்சா எளக்கி உட்டாரு. ஒரே பாய ஏழெட்டுத் தடவ மாத்திக் கட்டினாருங்க.”

“நீ ஏன் இதை என்னிடம் சொன்னதில்லை?”

“நீங்க எங்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்லைங்களே சார்.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான்.

இரண்டு வருஷம் முன்னால் உட்கார்ந்து அவன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வருவான். கயிற்றை இழுப்பான், விடுவான். தொந்தரவாக இருக்கிறது, வாயை மூடு என்று சொல்லியிருக்கிறேன். பதினொரு பந்தயத்தை யார் ஜெயித்தது?

செப்டம்பர் 26.

மில்லில் மூன்று துண்டைத் தப்பாக அறுத்தேன். மேனேஜர், “ஏனப்பா, உஷாரில்வா?” என்று கன்னடத்தில் நலம் விசாரித்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை. அவனைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அக்டோபர் 1, சனி.

அரை நாள் லீவு போட்டுக் கொட்டகைக்குப் போனேன். யாரும் இல்லை. என் பாயை விரித்து, பின்விளிம்பின் மடிப்பைப் பிளேடால் பிரித்தேன். ஏதாவது ஒரு குறை, ஒரு கோணல் தையல், கையும் களவுமாகப் பிடிக்க ஏதாவது.

மடிப்புக்குள் பருத்தி நாடா. ரயில் மெத்தைக்கு வைக்கிற ஒரு அங்குல நாடா. பின்விளிம்பு முழுக்க, அடிவிளிம்பு முழுக்க. கயிறு கட்டுகிற மூலையில் மூன்று மடிப்பு.

மற்ற பாய்களையும் தடவிப் பார்த்தேன். ஆறிலும் இருக்கிறது. என் பாயிலும் அவன் பாயிலும் ஒரே அளவு.

ஆக, பட்டு நனைந்தால் இழுபடும் என்று அவனுக்குத் தெரியும். நாடா இல்லாவிட்டால் செப்டம்பர் பதினெட்டிலேயே ஒன்றிரண்டு பாய் மூலையில் கிழிந்திருக்கும். என் பொய் வெளியே வராமல் மூன்று வாரமாகக் காப்பாற்றியது அவன் தையல்.

தெரிந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறானா? நாளைக்குக் கேட்கிறேன்.

அக்டோபர் 2, ஞாயிறு.

கேட்டேன். சிரிக்கவில்லை. பிரித்த மடிப்பைப் பார்த்து முகம் சுருங்கியது, ஊசியை எடுத்துத் தைக்க உட்கார்ந்துவிட்டான். தைத்துக்கொண்டே பேசினான்.

“மீதித் துணி ஒரு சாண் இருந்துச்சு. வீட்ல சொம்புத் தண்ணில போட்டுப் பாத்தேன். கைக்கு இழுபட்ட மாதிரி இருந்துச்சு.”

“ஏன் கமிட்டியில் சொல்லலை?”

“நீ மெஷின்ல பாத்துட்டேன்னு சொன்னியே. அதுக்கு மேல நான் என்னடா சொல்றது? என் கைதான் தப்பா இருக்கும்னு நெனச்சேன். இருந்தாலும் மனசு கேக்கல, நாடா வெச்சுத் தச்சேன். எடை கூடிருச்சா? அதான் பிரிச்சியா?”

எடை கூடிவிட்டதா என்று என்னிடம் கேட்கிறான்!

தெரிந்து மறைத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். என்னை நம்பித் தன் கையைச் சந்தேகப்பட்டிருக்கிறான், மடையன். இவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

“எடை சரியாகத்தான் இருக்கு” என்றேன். அதுவாவது உண்மை.

அக்டோபர் 16, ஞாயிறு.

மழையில் பந்தயம். அவன் முதல். நான் மூன்றாவது. சித்தையனிடம் ஒரே ஒரு தடவை, “முன்விளிம்பு எப்படி?” என்று கேட்டேன். அவன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்ததில் கயிற்றை விட்டுவிட்டான்.

அக்டோபர் 30, ஞாயிறு.

முடிந்தது. பம்பாய்க்கு பர்னபாஸ். மொத்தப் புள்ளியில் நான் மூன்றாவது.

நஞ்சுண்டசாமி மாலை போட்டார். பிறகு இன்னொன்று அறிவித்தார். பம்பாயில் படகு அவர்களுடையது, எங்களுடையதைப் போலவே பதினான்கு அடி. ஆனால் முன்பாயை வருகிற கிளப் கொண்டுவரலாம். எனவே அய்யாசாமியிடம் புதிதாகப் பட்டு நெய்து, புதுப் பாய்.

“இந்த நாடா மட்டும் வேண்டாமுங்க. உள்ளுக்குள்ள கறுப்பா நெழல் விழுது, அசிங்கமா இருக்குது. நம்ம கொர்னேலியஸ் தம்பி அறிக்கையில பலம் நூத்தி நாப்பத்திரண்டுன்னு போட்டிருக்கறப்ப நாடா எதுக்குங்க? சுத்தப் பட்டாப் போகட்டும்.”

பர்னபாஸ் என்னைப் பார்த்தான். என்ன சொல்கிறாய் என்பது போல. நான் கமிட்டி நோட்டில் ஏதோ தேடினேன். “சரிங்க சார்” என்றான் அவன்.

நாடா இல்லாத பட்டு. கடல் தெறிப்பில், பம்பாய்க் காற்றில். இரண்டாம் சுற்றில் கோணியாகிவிடும், இல்லை மூலையில் கிழியும். அத்தனை கிளப் முன்னாலும் அவன் கடைசியாக வருவான்.

சந்தோஷமாக இருந்தது. இதை மாற்றி எழுதப் போவதில்லை. மாலை போட்டவர்கள் நடுவில் அவன் நிற்க, எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

நவம்பர் 2, புதன். கல்லறைத் திருநாள்.

காலையில் அக்காவோடு அப்பா கல்லறைக்குப் போனேன். இரண்டு வரிசை தள்ளி பர்னபாஸ், அவன் அப்பா மதலைமுத்துவின் கல்லறையில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

“பம்பாய்க்கு வரியாடா? முன்பாய்க்கு.”

“முதலில் யாரைக் கேட்டாய்?”

“சித்தையன் அண்ணனை.” பொய் சொல்ல வராது அவனுக்கு. “ஆபீஸ்ல லீவு இல்லைன்னுட்டாங்க.”

“உன் ஆளு?”

“அவன் சம்சாரத்துக்கு ஜனவரியில பிரசவம்.”

ஆக நான் மூன்றாவது. இதிலும். சித்தையன்மேல் பொறாமைப்படும் நிலைமைக்கு வந்துவிட்டேன்.

“யோசிச்சுச் சொல்றேன்.”

“சொல்லு. உன் எடை சரியா இருக்கும்” என்று சொல்லிவிட்டு மெழுகுவர்த்தியைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டு போனான்.

அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காதபோதுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 4, வெள்ளி.

மில்லில் உப்புத் தண்ணீர் கரைத்து பட்டுத் துண்டை ஊற வைத்தேன். யாரும் கேட்காமலே. மூன்று துண்டு: 112, 115, 109. பக்கம் 58.

நஞ்சுண்டசாமி ஆள் அனுப்பியிருந்தார். வருகிற வியாழக்கிழமை அய்யாசாமி புதுப் பட்டுக்குத் தறியில் பாவு ஏற்றுகிறார். நெசவு எண்ணிக்கை நான் எழுதித் தர வேண்டுமாம்.

நவம்பர் 6, ஞாயிறு. காலை மணி 10.20.

பூசை முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன். பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் தெரியாது. முழு நேரமும் பம்பாயில் இருந்தேன்.

நான் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பட்டு நனைந்து நீள்கிறது. பின்னாலிருந்து அவன் கேட்கிறான்: “முன்விளிம்பு எப்படிடா?” கட்டாயம் கேட்பான். திருப்பத்துக்குத் திருப்பம் கேட்பான். நான் சொல்வதை அப்படியே நம்பிக் கயிற்றை இழுப்பான். ஏழடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஈரப் பாயைக் கையில் பிடித்துக்கொண்டு, பெரிய வித்தியாசம் இல்லை என்று மறுபடி சொல்ல வேண்டும்.

போகாமல் மைசூரிலேயே இருந்துவிடலாம். அப்போது கேட்க மாட்டான். ஆனால் வேறு எவனோ முன்னால் உட்கார்ந்து உண்மையைச் சொல்வான், இவன் அதை வைத்துக்கொண்டு தோற்பான். தோற்ற பிறகும் தன் கைதான் தப்பு என்று நினைப்பான். எனக்கு அவனைத் தெரியும்.

அவனை இன்னும் பிடிக்கவில்லை. அந்தக் கட்டைவிரலைப் பார்த்தால் இன்றும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. அது தனி. இது தனி.

செய்ய வேண்டியது:

1. நாளை காலை எட்டு மணிக்கு பக்கம் 41, பக்கம் 58 இரண்டையும் நல்ல தாளில் பிரதி எடுப்பது. ஈரப் பத்தியைக் கையால் கோடு போட்டுச் சேர்ப்பது. ஆகஸ்ட் 10 என்ற தேதியை மாற்றக் கூடாது.

2. மாலை நாலரைக்குச் சங்கு ஊதும்போது ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்பது. முதலில் பர்னபாஸிடம். ‘மறந்துவிட்டேன்’ என்று ஆரம்பிக்கக் கூடாது. நனைத்துப் பார்த்தேன், உன்னிடம் பொய் சொன்னேன். அடித்தால் நிற்பது. அடிக்க மாட்டான், அப்போதும் நிற்பது.

3. அங்கிருந்து நேரே நஞ்சுண்டசாமி வீடு. கோயமுத்தூர்ப் பருத்தி, குறைந்தபட்சம் நாடா. ஊர்ப் பட்டைக் கெடுத்தேன் என்று கத்துவார். கத்தட்டும்.

4. அய்யாசாமிக்குக் கார்டு: பாவு ஏற்ற வேண்டாம்.

5. படகில் எனக்கு இடம் இன்னும் இருந்தால், சித்தையனிடம் போய் ஏத்துக் கயிற்றை எப்போது, எத்தனை விரற்கடை இழுப்பது என்று கேட்டுக் கற்றுக்கொள்வது. இடம் இல்லையென்றாலும் கற்றுக்கொள்வது.

6. பம்பாயில் அவன் ஜெயித்தால் கைதட்டுவது. (இதற்கு மட்டும் தேதி போடவில்லை.)